1966 என்று சொல்லி விற்கிறார்: பழைய பிரெசிஷன் பேஸ் வாங்கும் முன் என்ன பார்ப்பது?

கேட்டவர் ஓஹையோவில் இருக்கிறார். அவர் ஊரில் ஒரு பெரியவர், வாசிப்பதை விட்டுவிட்டதால், தன் சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் அடர்ந்த நிறம்) ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ் கிட்டாரை 7,500 டாலருக்குக் கொடுக்கிறாராம். "இது 1966" என்பதற்கு ஆதாரமாக, பிக்கார்டை (முன்பக்கம் பாடியை மூடும் தகடு) கழற்றி வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் உள்ள எண்ணைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். 137, அதை அடுத்து 66, அப்புறம் இரண்டு இலக்கம். பின்னால், நெக்கையும் (கழுத்து) பாடியையும் (உடல்) இணைக்கும் நெக் பிளேட்டில் பெரிய எஃப் எழுத்தும், 21 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்ணும் இருக்கின்றன. "1966 என்பது சரியா, வாங்கலாமா?" என்பது கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இது எந்த வருஷத்து பேஸ் என்பது ஒன்று, கேட்கிற பணத்துக்குத் தகுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவதும் முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். கிட்டார் பழுதுபார்க்கும் மேசையில் பல வருஷமாக இதே கேள்வியைப் பார்த்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். நீங்கள் சொன்ன இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இது 1968 வாக்கில் தொழிற்சாலையை விட்டு வந்த பேஸாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. விற்கிறவர் பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கன்ட்ரோலில் உள்ள எண்ணை அவர் சரியாகவே படித்திருக்கிறார்: 137 என்பது அந்தக் கன்ட்ரோலைச் செய்த சிடிஎஸ் கம்பெனியின் அடையாள எண், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம், கடைசி இரண்டு அந்த வருஷத்தின் எத்தனையாவது வாரம் என்பது. ஸ்டாக்போல் கம்பெனி செய்ததாக இருந்தால் 304 என்று தொடங்கும். ஆனால் அது அந்தக் கன்ட்ரோல் தயாரான வாரம். பேஸ் தயாரான வாரம் வேறு. ஃபெண்டர் 1966-இல் சிடிஎஸ் கன்ட்ரோல்களை மொத்தமாக வாங்கிக் குவித்துவிட்டது. அந்தச் சரக்கு தீர வருஷக்கணக்கில் ஆனது. அதனால் 1967, 68, 69 வருஷத்து ஃபெண்டர்களைத் திறந்தாலும் உள்ளே 66 என்றே இருப்பது சகஜம். இந்த ஒரு விஷயத்தால் எத்தனையோ 1968 கருவிகள் 1966 என்ற பெயரில் கைமாறிக்கொண்டிருக்கின்றன, யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே.

இதில் ஒரு அடிப்படை இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். ஒரு பாகத்தில் இருக்கும் தேதி, "இதற்கு முன் இந்த பேஸ் இந்த வடிவில் இருந்திருக்க முடியாது" என்று மட்டும்தான் சொல்லும். எத்தனை நாள் கழித்துப் பூட்டினார்கள் என்று சொல்லாது. ஆகவே எந்தப் பாகம் கடைசியாகத் தயாரானதோ அதன் தேதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், அதுவும் அந்தப் பாகம் பிறகு மாற்றப்பட்டதல்ல என்று தெரிந்த பிறகு. ஒரே ஒரு எண்ணைக் காட்டி வருஷம் சொல்கிறவரிடம் இன்னும் நான்கு படம் கேளுங்கள்.

சரி, சீரியல் எண்ணுக்கு வருவோம். எஃப் போட்ட பிளேட்கள் 1965-இல் வந்தன. 1976 வரை ஓடின. அதற்கு முன் 1963 வாக்கிலிருந்து எல் என்ற எழுத்தில் தொடங்கும் எண்கள். 1976-க்குப் பிறகு எண்ணை ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலைப்பகுதி) லோகோவோடு சேர்த்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். எஃப் பிளேட்களில் ஏறக்குறைய 1,80,000-லிருந்து 2,10,000 வரை 1967, 2,10,000-லிருந்து 2,50,000 வரை 1968 என்று பட்டியல்களில் பார்க்கலாம். உங்களுடையது 21 என்று தொடங்குவதால் 67-இன் கடைசி அல்லது 68 என்று வருகிறது. ஆனால் இந்தப் பட்டியலை வேதவாக்காக எடுக்க வேண்டாம். பிளேட்கள் பெட்டியில் கிடக்கும், கைக்கு வந்ததை எடுத்துத் திருகுவார்கள், வரிசை பார்த்ததில்லை. ஆகவே அடுத்தடுத்த வருஷங்களின் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அதோடு, நான்கு திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் தகடு அது. எண் எதைக் காட்டினாலும் ஒரு வருஷம் முன்பின் என்ற அளவில்தான் நம்புவேன்.

இருப்பதிலேயே கனமான சாட்சி நெக்கின் அடிப்பகுதியில், பாடிக்குள் மறைந்திருக்கும் முனையில் உள்ள முத்திரை. 1962-இன் தொடக்கம் வரை அங்கே பென்சிலால் எழுதினார்கள். அதன் பிறகு ரப்பர் முத்திரை. இந்தக் காலத்து முத்திரையில் முதலில் ஒரு எண், அடுத்து மாதத்தின் மூன்றெழுத்துச் சுருக்கம், வருஷத்தின் இரண்டு இலக்கம், கடைசியில் ஒரு எழுத்து. முதலில் வரும் எண்ணைப் பார்த்து "ஐந்தாம் தேதி" என்று படித்துவிடுகிறார்கள். அது தேதி கிடையாது, மாடலின் குறியீடு: பிரெசிஷன் பேஸுக்கு 5, ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸுக்கு 7. கடைசி எழுத்து நட் (ஹெட்ஸ்டாக் அருகே கம்பிகள் தங்கும் கட்டை) பக்கத்தில் நெக்கின் அகலம். ஏ என்றால் ஒன்றரை அங்குலம், பி என்றால் ஒன்றே ஐந்தெட்டு, சி என்றால் ஒன்றே முக்கால். பிரெசிஷன் என்று சொல்லி விற்கும் பேஸில் 7 என்று தொடங்கும் முத்திரை இருந்தால் அந்த நெக் ஜாஸ் பேஸிலிருந்து வந்தது. வாசிக்க அருமையாக இருக்கும், ஆனால் விலை பேசும்போது அது வேறு கணக்கு. முத்திரை சொல்வது நெக் செய்த காலம். அது பாடியோடு சேர்ந்து கடைக்குப் போகச் சில வாரங்களோ மாதங்களோ ஆகியிருக்கும். 67 நவம்பர் முத்திரையும் 68-க்கான பட்டியல் எண்ணும் ஒரே பேஸில் இருந்தால் அதில் குழப்பம் எதுவும் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதைப் பார்க்க நெக்கைக் கழற்ற வேண்டும், அதற்குப் பெரியவர் தயங்கினால் அது நியாயமான தயக்கம்தான். கம்பிகளை முழுக்கத் தளர்த்திவிட்டு, மின் திருகுளியைத் தொடாமல் கையால் நான்கு திருகாணிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றிக் கழற்றி, நெக்கைப் பக்கவாட்டில் ஆட்டாமல் நேராகத் தூக்கினால் ஒன்றும் ஆகாது. உங்களுக்கே கை நடுங்கினால் பக்கத்தில் ஒரு நல்ல ரிப்பேர் கடையில் இருவரும் சந்தித்து, கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள். 7,500 டாலர் பேச்சில் அது ஒரு பொருட்டே இல்லை. நெக் வெளியே இருக்கும்போது இன்னொன்றையும் பார்த்துவிடலாம்: இந்தக் காலத்து ஃபெண்டரில் ட்ரஸ் ராடின் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகத் தண்டு) நட்டு அந்த முனையில்தான் இருக்கிறது. அதன் சிலுவை வெட்டு தேய்ந்து உருண்டிருக்கிறதா, இனியும் முறுக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இறுதிவரை முறுக்கிவிட்ட ராடும் முன்பக்கம் வளைந்தே நிற்கும் நெக்கும் சேர்ந்திருந்தால், எந்த வருஷமாக இருந்தாலும் அது செலவு வைக்கும் பேஸ். நெக்கில் திருகாணி ஓட்டைகள் நான்குதான் இருக்க வேண்டும். அடைத்துவிட்டு மறுபடி துளைத்த அடையாளம் இருந்தால் அது வேறு பாடியில் இருந்த நெக்காக இருக்கலாம்.

1968-ஐ ஒட்டிய காலம் ஃபெண்டரில் பல விஷயங்கள் ஒரே சமயத்தில் மாறிய காலம், அதனால் உங்கள் பேஸ் ஒரு விதத்தில் சுவாரசியமானது. ஹெட்ஸ்டாக்கில் தங்க நிற லோகோ போய், கறுப்பில் தடித்த எழுத்து வந்தது அந்தச் சமயத்தில். உள்ளே ஓடும் வயர் துணி சுற்றியதிலிருந்து பிளாஸ்டிக் உறைக்கு மாறியதும் அதே வாக்கில்தான். மேல்பூச்சில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை (சுருக்கமாக நைட்ரோ) விட்டுவிட்டுத் தடிமனான பாலியெஸ்டருக்குப் போனதும் அப்போதுதான். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. பழைய சரக்கும் புதிய சரக்கும் கலந்து ஓடியிருக்கின்றன. ஆகவே 68 பேஸில் துணி வயர் இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். 66 என்று சொல்லும் பேஸில் கறுப்பு லோகோ இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். ஹெட்ஸ்டாக்கின் முகத்தைத் தனியாகக் கவனியுங்கள். பாலியெஸ்டருக்கு மாறிய பிறகும் லோகோ ஸ்டிக்கரோடு அது ஒத்துப்போகாததால் ஹெட்ஸ்டாக்கின் முகத்துக்கு மட்டும் நைட்ரோவையே தொடர்ந்தார்கள். அதனால் அந்தக் காலத்து நெக்குகளில் முகம் மட்டும் தேன் நிறத்துக்கு மஞ்சளேறி, பின்புறமும் ஓரங்களும் வெளிறியே இருக்கும். ஏமாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதில்லை. முழு நெக்கும் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தால், அது மாற்றத்துக்கு முந்தைய நெக்காக இருக்கலாம், அல்லது பின்னாளில் யாரோ நிறமேற்றி அடித்ததாக இருக்கலாம்.

இப்போது பெயின்ட். பணம் இருப்பதே இங்கேதான், ஆகவே நேரத்தை இங்கே செலவழியுங்கள். பழைய கருவி வியாபாரத்தில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு ஒன்று உண்டு: மறுபெயின்ட் அடித்த கருவி, தொழிற்சாலைப் பெயின்டோடு இருக்கும் அதே வருஷத்துக் கருவியின் விலையில் ஏறக்குறைய பாதிதான் போகும். எவ்வளவு அழகாக அடித்திருந்தாலும் சரி. கீறலும் சிராய்ப்பும் நிறைந்த அசல் சன்பர்ஸ்ட், பளபளவென்ற புது சன்பர்ஸ்டைவிட விலை கூட. நீங்கள் கேட்ட 66-ஆ 68-ஆ என்ற வித்தியாசம் இதன் முன்னால் சின்னது.

எப்படிப் பார்ப்பது? நெக்கைக் கழற்றியதும் அந்தக் குழிக்குள் பாருங்கள். தொழிற்சாலையில் அந்தக் குழியில் ஒரு குச்சியைத் திருகி, அதைப் பிடித்துக்கொண்டு பாடிக்குப் பெயின்ட் அடிப்பார்கள். அடித்து முடித்துக் குச்சியை எடுத்தால் அது இருந்த இடத்தில் பெயின்ட் படாத ஒரு பட்டை நிற்கும். அந்தப் பட்டை சுத்தமாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி. குழி முழுக்க ஒரே சீராகப் பெயின்ட் மூடியிருந்தால் சந்தேகம் கொள்ளுங்கள். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) குழிகளின் விளிம்பில் முதலில் இருந்த வேறு நிறம் எட்டிப்பார்க்கிறதா? திருகாணி ஓட்டைகளின் வாயில் பெயின்ட் வழிந்து உறைந்திருக்கிறதா? பிக்கார்டு மறைத்திருந்த பகுதியில் வெயில் படாத நிறம் வெளியே உள்ளதைவிட அடர்த்தியாக இருக்கிறதா? ஐம்பது வருஷம் மூடிக் கிடந்த இடமும் திறந்து கிடந்த இடமும் ஒரே நிறமாக இருந்தால் அது எனக்கு உறுத்தும். புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி இருட்டில் அடித்துப் பார்ப்பதும் நல்லது. பழைய நைட்ரோ லாக்கர் பச்சை கலந்த மஞ்சளாக மின்னும், பின்னால் தொட்டுப் பூசிய இடங்கள் தனித் திட்டுகளாகக் கறுத்துத் தெரியும். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். உங்கள் பேஸ் பாலியெஸ்டராக இருந்தால் நைட்ரோ மாதிரி மின்னாது, அதனால் அது மறுபெயின்ட் ஆகிவிடாது. டார்ச் ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும், அவ்வளவே.

பிக்கார்டு ஏற்கனவே கழன்ற நிலையில் இருப்பதால் உள்ளே வயர்களை இணைக்கும் ஈயப் பற்றுகளின் நெருக்கமான படம் ஒன்று கேளுங்கள். தொழிற்சாலையில் வைத்த ஈயம் காலத்தால் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். யாரோ மறுபடி சூடு காட்டிய இடம் பளிச்சென்று தெரியும், சுற்றி ஃபிளக்ஸ் (ஈயம் பற்றவைக்க உதவும் பசை) கறையும் இருக்கலாம். பிக்கப்புக்கு வரும் வயர்களின் ஈயம் கலைக்கப்பட்டிருந்தால் பிக்கப் மாற்றப்பட்டதா, அல்லது அதன் சுருள் அறுந்து மறுபடி சுற்றி வாங்கியதா என்று கேட்க வேண்டும். 1957-இலிருந்து பிரெசிஷனில் வருவது இரண்டாகப் பிளந்த பிக்கப். இரண்டு பாதிகளையும் தொடராக இணைத்திருப்பார்கள். மல்டிமீட்டரில் மொத்தம் பத்து, பதினொரு கிலோ ஓம் வாக்கில் காட்டினால் உயிரோடு இருக்கிறது. மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் எங்கோ சுருள் அறுந்திருக்கிறது. வால்யூம், டோன் கன்ட்ரோல் இரண்டும் ஒரே காலத்தவையா என்றும் பாருங்கள்: ஒன்று 66, மற்றொன்று 74 என்று இருந்தால் ஒன்றை யாரோ மாற்றியிருக்கிறார்கள். அது விலையைக் கொஞ்சம்தான் குறைக்கும். ஆனால் உள்ளே கைபட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள உதவும்.

மாற்றங்களில் எல்லாம் ஒரே எடை இல்லை. ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) மாற்றியது வாசிக்கப்பட்ட கருவிக்கு இயல்பு, ஒழுங்காகச் செய்திருந்தால் பெரிய குறை இல்லை. பிரிட்ஜை (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) மாற்றியிருந்தாலும் பழைய ஓட்டையிலேயே பூட்டியிருந்து, அசல் பிரிட்ஜ் பெட்டிக்குள் கிடந்தால் ஒரு மணி நேர வேலையில் திரும்ப வந்துவிடும். ஆனால் பாடியில் மரத்தைக் குடைந்து இரண்டாவது பிக்கப் வைத்திருந்தால், ஹெட்ஸ்டாக்கில் கம்பியை முறுக்கும் வேறு ட்யூனருக்காகப் பெரிதாகத் துளைத்திருந்தால், அது திரும்பாது. 1970-களில் இந்த பேஸ்களுக்குப் 'பழையது' என்ற மதிப்பே கிடையாது. வெறும் செகண்ட் ஹேண்ட். அதனால் வாசித்தவர்கள் தயக்கமில்லாமல் குடைந்து பார்த்திருக்கிறார்கள். பிக்கப் மேலும் பிரிட்ஜ் மேலும் இருந்த குரோம் மூடிகள், விரல் வைக்கும் கட்டை, அசல் பெட்டி எல்லாம் இருக்கிறதா என்று பெரியவரைக் கேளுங்கள். பலர் மூடிகளைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். தேடிக் கிடைத்தால் அவருக்கும் லாபம், உங்களுக்கும் லாபம்.

விலை. அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1965 ஜனவரியில் 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. சேகரிப்பவர்கள் கோடு கிழிப்பது அங்கேதான்: அதற்கு முந்தையதற்கு ஒரு விலை, பிந்தையதற்கு வேறு விலை. 1964-க்கும் 1966-க்கும் இடையில் இருக்கும் பள்ளம் பெரிது. 66-க்கும் 68-க்கும் இடையில் அந்த அளவு இல்லை. உங்கள் பேஸ் எப்படியும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான், அதனால் இரண்டு வருஷ வித்தியாசத்துக்காகப் பெரியவரோடு சண்டை போட வேண்டாம். ஆனால் 68-ஆக இருந்தால் 68-இன் விலையைத்தான் கொடுக்க வேண்டும், அதைத் தன்மையாகச் சொல்லலாம். விளம்பரத்தில் கேட்கும் விலைகளைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், அவை இன்னும் விற்காதவற்றின் விலைகள். ரிவர்ப், ஈபே என்ற இணைய விற்பனைத் தளங்கள் இரண்டிலும் விற்று முடிந்தவற்றைத் தனியாகப் பார்க்க முடியும். அசல் பெயின்ட், அதே இரண்டு மூன்று வருஷம், பிரெசிஷன் சன்பர்ஸ்ட் என்று வடிகட்டி, நான்கைந்து விற்பனைகளை எடுத்து நடுவில் நில்லுங்கள். கடைக்காரர் விலை தனிநபர் விலையைவிடக் கூடுதலாக இருக்கும். அதில் அவர் சோதித்துப் பார்த்ததும், திரும்பக் கொடுக்கும் வசதியும் சேர்ந்திருக்கிறது. பெரியவரிடம் வாங்கும்போது அந்த இரண்டும் உங்களுக்குக் கிடையாது, ஆகவே கடை விலையைக் கொடுக்கக் காரணமில்லை. ஜாஸ் பேஸ் விலைகளை இதோடு ஒப்பிட வேண்டாம், ஒரே வருஷத்தில் ஜாஸ் பேஸ் பெரும்பாலும் மேலே நிற்கும்.

நெக்கின் முகத்தில் உள்ள ரோஸ்வுட் மரம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணமும் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். ஃபெண்டர் முதலில் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்தியது, 60-களின் பிற்பகுதியில் இந்திய ரோஸ்வுட்டுக்கு வந்தது. நீலகிரி, வயநாடு பக்கம் ஈட்டி என்று சொல்கிறோமே, அந்த மரம்தான். பிரேசில் மரம் 1992-இலிருந்து அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. வேறு நாட்டுக்கு விற்க அனுமதிப் பத்திரங்கள் வேண்டும், கொண்டுபோகவும் வேண்டியிருக்கலாம். மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து அந்தத் தொல்லை நீங்கிவிட்டது. உங்கள் பேஸ் எந்தப் பக்கம் என்பதைப் படத்தைப் பார்த்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்து மட்டும் சொல்வதை நானே முழுதாக நம்புவதில்லை. எல்லை தாண்டும் திட்டம் உறுதியானால், மரம் தெரிந்த ஒருவரிடம் காட்டி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்துப் பெரியவரிடம் நான் கேட்கச் சொல்வது: நெக் முத்திரை, நெக் குழி, பிக்கார்டுக்கு அடியில் உள்ள பாடி, ஈயப் பற்றுகள், ஹெட்ஸ்டாக்கின் முன்னும் பின்னும். இவை வந்துவிட்டால் மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். நெக்கைக் கழற்ற அவர் கடைசிவரை சம்மதிக்காவிட்டால் வாங்கக்கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது "முத்திரை பார்க்காத, பெயின்ட் உறுதி செய்யாத 60-களின் பிரெசிஷன்" என்றுதான் அதை வாங்குகிறீர்கள், விலையையும் அதற்குத் தக்கபடி சொல்லுங்கள். எந்த விலைக்கு முடிந்தாலும் சீரியல் எண், தேதி, தொகை மூன்றையும் எழுதி அவர் கையெழுத்திட்ட ரசீது ஒன்று வாங்கிவிடுங்கள். முதன்முதலில் எந்தக் கடையில், எந்த வருஷம் வாங்கினார் என்று அவருக்கு நினைவிருந்தால் அதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.